பார்முலா (குழந்தைக்கான பால் பவுடர்) கிடைக்காத நேரத்தில் பிரசவமா?
2022-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பார்முலா ஆலை ஒன்று மூடியதும் பார்முலா டப்பாவுக்காகக் கடை கடையாக அலைந்தார்களே, அந்த மாதிரி நேரத்தில் பத்தாம் நாள் பதறுவதைவிட, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே தாய்ப்பால் ஆலோசகரைக் கூப்பிட்டு, குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும் (பாட்டிமார் ‘பால் பத்தலை’ என்பார்கள், சரி சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்). ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஈர டயபர் ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறைந்தால் உடனே டாக்டர்தான். அப்புறம், அமெரிக்காவில் பெரும்பாலான இன்சூரன்ஸில் தாய்ப்பால் ஆலோசனையும் பால் எடுக்கும் பம்பும் இலவசம், கேட்டு வாங்குங்கள். இருக்கிற பார்முலாவில் தண்ணீரைக் கூட்டி நீட்டிக்க மட்டும் பார்க்காதீர்கள், ஆபத்து.