அயோவாவின் சின்ன ஊருக்கு வரும் டாக்டர் குடும்பங்களுக்கு: வாசலில் பலகை நட விடாதீர்கள்

இந்த ஆகஸ்டில் வடமேற்கு அயோவாவுக்கு இரண்டு தமிழ் டாக்டர் குடும்பங்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் 2022-ல் சிகாகோவிலிருந்து வந்தபோது எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வருடமே, வாசலில் நட்ட ஒரு தேர்தல் பலகையால், எனக்கு இந்த ஊரில் இருந்த இரண்டே இரண்டு தோழிகளை ஒரே வாரத்தில் இழந்திருக்க மாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அலுவலக வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த டாக்டர் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி உண்டு. அதற்கு விலக்கு தருவதுதான் கான்ராட் 30 என்ற திட்டம். மாநிலத்துக்கு வருடம் 30 பேர், டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருட வேலை. பிடிக்கவில்லை என்று பாதியில் அவ்வளவு எளிதாகக் கிளம்ப முடியாது. மூன்று வருடமும் அதே கடை, அதே பள்ளிக்கூடம், அதே முகங்கள். மீதியைப் படிக்கும்போது இது மனத்தில் இருக்கட்டும்.

டிரைவிங் லைசென்ஸுக்குச் சிகாகோ மாதிரி வரிசையில் நிற்க வேண்டாம். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. சின்ன கவுண்டிகளில் கவுண்டி கருவூல அலுவலகத்திலேயே கொடுத்துவிடுவார்கள், கார் பதிவும் அங்கேயேதான். ஒன்றில் மட்டும் கவனம். வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று லைசென்ஸ் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். 1993-ல் வந்த சட்டம் அது, எல்லாரையும் கேட்பார்கள். அமெரிக்கக் குடிமகனா என்ற கட்டத்தில் தவறிப்போய்க்கூட ஆமாம் போடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்கு 1996 குடியேற்றச் சட்டத்தில் மன்னிப்பு கிட்டத்தட்ட இல்லை, கிரீன் கார்டுக் கனவு அங்கேயே முடிந்துவிடும். கிரீன் கார்டு வரும்வரை எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஒரு டாலர் நன்கொடைகூடக் கொடுக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

சரி, இனி ஊரைப் பற்றி.

அயோவாவில் 99 கவுண்டிகள். 2020 தேர்தலில் பைடன் அதில் ஆறில்தான் ஜெயித்தார். டெமாய்ன் நகரம் இருக்கும் போல்க், அயோவா சிட்டி பல்கலைக்கழகம் இருக்கும் ஜான்சன், ஏம்ஸ் இருக்கும் ஸ்டோரி என்று எல்லாம் நகரமோ கல்லூரியோ உள்ள இடங்கள். மீதி 93-ம் டிரம்ப் பக்கம். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, கிராமத்து ஆட்கள் எல்லாரும் பரம்பரையாக ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒபாமா இந்த மாநிலத்தில் 2008, 2012 இரண்டு முறையும் ஜெயித்திருக்கிறார். இரண்டு முறையும் அவருக்கு ஓட்டுப் போட்டு 2016-ல் டிரம்புக்கு மாறிய கவுண்டிகள் மட்டும் இங்கே 31. எங்கள் வடமேற்கு மூலை வேறு கதை. இங்கே குடியரசுக் கட்சிதான் எப்போதும். ஆனாலும் எங்கள் தெருவிலேயே வேறு மாதிரி ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சத்தமில்லாமல் இருக்கிறார்கள். அந்தச் சத்தமின்மையை நான் ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டேன்.

சர்ச்சிலும் இதே கதைதான். நான் பாளையங்கோட்டைக்காரி. சர்ச் மணியும் கோயில் மணியும் கேட்டு வளர்ந்தவள். கிறிஸ்மஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். அந்தப் பழக்கத்தில், எல்லா சர்ச்சும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். ஒன்று இல்லை. லூத்தரன் என்று பலகை போட்ட இரண்டு சர்ச் எங்கள் ஊரில் உண்டு. ஒன்றில் பெண் போதகர், இன்னொன்றில் பெண்கள் பிரசங்க மேடை ஏறவே முடியாது. மெத்தடிஸ்ட் சபை ஓரினச் சேர்க்கையாளர் திருமணம் பற்றிய சண்டையில் உடைந்து, 2019-க்கும் 2023-க்கும் இடையில் நாடு முழுக்கக் கால்வாசி சர்ச்சுகள் வெளியேறின. சின்ன ஊரில் அது குடும்பம் உடைந்த மாதிரி. அண்ணன் ஒரு சர்ச், தம்பி இன்னொரு சர்ச். வந்த புதிதில் இது எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது.

"எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று முதல் வாரத்திலேயே கேட்பார்கள். கோபப்படாதீர்கள். நம் ஊரில் "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிற மாதிரிதான் அது, உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். "நாங்கள் இந்துக்கள், எங்கள் கோயில் மேட்ரிட்டில் இருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். ஸ்பெயின் தலைநகரின் எழுத்துதான், ஆனால் மேட்ரிட் என்றுதான் இங்கே சொல்வார்கள். டெமாய்னுக்கு வடக்கே இருக்கிறது, எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம். பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் போய்வருவோம். சோளக்காட்டுக்கு நடுவே கோபுரம் தெரியும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

நான் நேராகச் சொல்லவில்லை. "எல்லா சாமியும் ஒன்றுதான், ஏசுவையும் கும்பிடுவோம்" என்று, ஊரில் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். நமக்கு அது மரியாதை வார்த்தை. கேட்ட அம்மாவுக்கு அது பாதி சம்மதம். அடுத்த வாரமே பைபிள் வகுப்புக்கு அழைப்பு, அதற்கடுத்து என் மகனுக்கு ஞானஸ்நானம் பற்றிய பேச்சு. ஏமாற்றுகிறவர்கள் இல்லை அவர்கள், நான் சொன்னதை அப்படியே நம்பினார்கள். பின்வாங்கியபோது அவர்கள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே கஷ்டமாக இருந்தது.

இரண்டு சின்ன விஷயம். புதன்கிழமை மாலை சர்ச் மாலை. பள்ளிக்கூடம்கூட அன்றைக்கு நிகழ்ச்சி வைக்காது, பிறந்தநாள் விருந்தும் வைக்காதீர்கள். அப்புறம், டச்சுக்காரர்கள் 1870-ல் வந்து குடியேறிய ஆரஞ்சு சிட்டி பக்கம் வீடு பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். நாங்கள் வந்த அன்றே பை என்ற இனிப்புப் பண்டம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பனியில் என் கணவர் மண்வெட்டியோடு திணறுவதைப் பார்த்து, தானே டிராக்டரை ஓட்டிவந்து எங்கள் வாசலைச் சுத்தம் செய்து கொடுத்தார். பெற்ற அம்மா பக்கத்தில் இல்லாத குறையை அவர்தான் தீர்த்தார். இன்னொருத்தி என் வயது, பள்ளி நூலகத்தில் வேலை. சிகாகோவை விட்டு வந்ததில் என் மகன் வகுப்பில் வாயே திறக்காமல் நாலு மாதம் இருந்தான். தினமும் அரை மணி நேரம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, படக்கதை படித்துப் படித்துப் பேச வைத்தவள் அவள். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா, பகலெல்லாம் வீடுதான். இந்த இரண்டு பேர்தான் எனக்கு ஊர்.

2023 செப்டம்பரில் எதிர்வீட்டு அம்மா வந்து, "உங்கள் வீடு மூலைவீடு, ஒரு யார்டு சைன் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். தேர்தல் சமயத்தில் வேட்பாளர் பெயரோடு வாசலில் நடும் பலகை அது. "தாராளமாக" என்றேன். யோசிக்கவே இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் அப்பா கட்டிய சுற்றுச்சுவரில் ஒரு தேர்தலுக்கு உதயசூரியன் இருக்கும், அடுத்ததற்கு இரட்டை இலை இருக்கும். யார் முதலில் வந்து வெள்ளையடித்துப் பிடித்தார்களோ அவர்களுக்குச் சுவர். அதைப் பார்த்து அப்பா அந்தக் கட்சிக்காரர் என்று ஒருவரும் நினைத்ததில்லை. வேண்டாம் என்று சொன்னால்தான் வம்பு.

பலகையில் ஒரு பெயர், கீழே பள்ளி வாரியம் என்று இருந்தது. ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. கட்சிப் பெயர் இல்லை, சின்னம் இல்லை. இங்கே பள்ளி வாரியத் தேர்தலில் கட்சி கிடையாது. அதனால் எனக்கு அது அரசியலாகவே தோன்றவில்லை.

ஊருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அந்த மே மாதம்தான் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். உடலுறவை விவரிக்கும் புத்தகங்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற சட்டம். எந்தப் புத்தகம் போக வேண்டும், எது இருக்கலாம் என்று மாநிலம் முழுக்கச் சண்டை. பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்று பெற்றவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு பக்கம். அவர்கள் தூய மனத்தோடுதான் சொன்னார்கள், எதிர்வீட்டு அம்மா உட்பட. நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களைக் குற்றவாளி மாதிரி பேசுகிறார்கள் என்று இன்னொரு பக்கம். எங்கள் வாசலில் நின்ற பெயர், சட்டம் சொன்னதற்கு மேலும் புத்தகங்களை எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவருடையது.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற எல்லாக் காரும் எங்கள் மூலையில் திரும்பித்தான் போக வேண்டும். மூன்று வாரம் அந்தப் பலகை அங்கே நின்றது. ஒரு நாள் மகனைக் கூப்பிடப் போனபோது, தோழி என் முகத்தைப் பார்க்காமல், "நீ என்னைப் பற்றி இப்படி நினைப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அவருடைய கிளினிக்கிலும் அதற்குள் இரண்டு குடும்பங்கள் வேறு டாக்டருக்கு மாறியிருந்தன. காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. பதறிப்போய் அன்றைக்கு இரவே பலகையைப் பிடுங்கி கராஜில் போட்டுவிட்டேன். எதிர்வீட்டு அம்மா காலையில் வந்து, யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துப் பதறினார். அடுத்தவர் வாசலில் இருக்கும் பலகையைப் பிடுங்குவது இங்கே குற்றம், அதனால் போலீஸுக்குச் சொல்லலாமா என்றார். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. பலகையை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டார். தோழியிடம் போய் நம் ஊர்ச் சுவர் கதையைச் சொன்னேன். கேட்டாள், தலையாட்டினாள். ஆனால் அவள் ஊரில் ஒருவர் வாசலில் நிற்கும் பலகை அவருடைய வாக்குமூலம். தெரியாமல் செய்தேன் என்பதை அவளால் முழுசாக நம்ப முடியவில்லை.

ஆகவே யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும், முதல் நாளே ஒரே பதில் சொல்லுங்கள்: "நாங்கள் எங்கள் வீட்டில் யாருடைய பலகையும் வைப்பதில்லை." காரணம் அடுக்க வேண்டாம், விசாவைச் சாக்குச் சொல்ல வேண்டாம். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, சிரித்துக்கொண்டே சரி என்று போய்விடுவார்கள். நமக்குத்தான் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. பள்ளி வாரியம், ஷெரிஃப், பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கும் வாக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அந்தக் கடன் வாக்கெடுப்பு ஜெயிக்க இங்கே 60 சதவீதம் வேண்டும், நிலவரி ஏறும் என்று விவசாயிகள் எதிர்ப்பார்கள், ஊருக்குள் இருக்கும் பெற்றோர்கள் ஆதரிப்பார்கள். கட்சிப் பெயரே இல்லாத பலகைதான் சின்ன ஊரில் ஆழமாக வெட்டும்.

நகரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெமாய்ன் போனால், "அந்த ஆட்களோடு எப்படி இருக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அங்கே புல்வெளியில் வானவில் நிறத்தில், நாங்கள் எதை எதை நம்புகிறோம் என்று பலகை வைத்த வீடுகள் நிறைய. அந்தத் தெருவில் குடியிருந்தால் நீங்களும் அதையே நினைப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே எங்களை எடுத்துக்கொண்டது மாதிரியேதான். நாங்கள் மூன்று வருடம் முடித்தும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. என் கணவர் இல்லையென்றால் இங்கே பலர் ஒரு மணி நேரம் கார் ஓட்டித்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பலகையைப் பிடுங்கியதற்கு அடுத்து வந்த ஜனவரியில் பெரிய பனி. விடிகாலையில் டிராக்டர் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா எங்கள் வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு, என் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பலகை பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. நூலகத் தோழி வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் கொடுத்த படக்கதைப் புத்தகம் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.