சார்ஜ் 80 சதவீதம், ஆனாலும் கார் எழவில்லையா? மின்சாரக் காரின் 12 வோல்ட் பேட்டரியைச் சரிபார்ப்பது எப்படி

ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்காது. எப்படியோ திறந்தாலும் திரை இருட்டாக இருக்கும், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். மொபைல் ஆப்போ நேற்று இரவு பார்த்த அதே 80 சதவீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரக் கார் இப்படி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரியை அல்ல, பெரும்பாலும் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை.

பெட்ரோல் காரில் இருக்கும் அதே வகை ஈய-அமில பேட்டரிதான் இன்றும் பல மின்சாரக் கார்களில் இருக்கிறது. கதவுப் பூட்டு, விளக்குகள், திரை, காரின் கணினிகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்சை மூடவும் இந்த 12 வோல்ட் வேண்டும். கார் நிற்கும்போதோ விபத்திலோ உயர் மின்னழுத்தம் வெளியே வரக்கூடாது என்பதற்காக 12 வோல்ட் கிடைக்காத வரை அந்தச் சுவிட்ச் திறந்தே, அதாவது இணைப்பைத் துண்டித்தே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் சின்ன பேட்டரி செத்துவிட்டால், பெரியதில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் கார் 'ரெடி' (ஓட்டத் தயார்) நிலைக்கு வராது. பல கார்களில் சார்ஜரைச் செருகினாலும் ஒன்றும் நடக்காது.

தேவையானவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பானர், ரப்பர் கையுறை. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் (இறங்கிப்போன பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சின்னக் கருவி) இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்தம், பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல். நமக்கு வேலை சிவப்பு, கறுப்பு டெர்மினல் உள்ள சின்ன பேட்டரியோடு மட்டும். அது எங்கே இருக்கிறது என்பதை உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். சில மாடல்களில் டிக்கியில் இருக்கும்.

படி 2: உள்ளே போவது

பல கார்களில் சாவி ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவின் கைப்பிடி மூடியை நெம்பினால் சாவித் துவாரம் தெரியும். பிரச்சினை வராத ஒரு நாளில் இதை ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். மழையில் நின்றுகொண்டு தேடுவது கொடுமை.

படி 3: வோல்ட் அளப்பது

ஆரம்பநிலையில் பலர் சறுக்கும் இடம் இது. கதவையோ பானட்டையோ திறந்தவுடன் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும், அந்த நேரத்து அளவு பொய் சொல்லும். ஓட்டி நிறுத்திய உடனேயும் அளக்காதீர்கள், அப்போது கூடுதலாகக் காட்டும். பானட்டைத் திறந்துவைத்து, காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு குறைந்தது அரை மணி நேரம் கழித்து வாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2-க்கு வந்தால் பாதிதான் இருக்கிறது, கவலைப்பட ஆரம்பிக்கலாம். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. நின்றிருக்கும் காரில் 13-க்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், பெரிய பேட்டரி அந்த நேரத்தில் சின்னதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

அளக்கும்போதே டெர்மினலையும் கவனியுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும், கிளாம்ப் கையால் அசைந்தாலும், பேட்டரி நல்லதாக இருந்துகொண்டே இதே தொல்லை வரும்.

படி 4: ஜம்ப் கொடுப்பது

இங்கே மின்சாரக் காருக்கு ஒரு வசதி உண்டு. சுழற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாததால் கொஞ்சம் மின்சாரம் போதும். சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரே வேலையை முடித்துவிடும். இன்னொரு காரிலிருந்து எடுப்பதென்றால் பெரும்பாலும் அதன் இன்ஜின் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை.

சிவப்பு கேபிளை நம் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை உதவிக்கு வந்த காரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை அந்தக் காரின் மைனஸிலும், கடைசி முனையை நம் காரின் எர்த் இடத்திலும் (கையேடு காட்டும் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதி) மாட்டுங்கள். கையேடு வேறு முறை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். பிளஸ்-மைனஸ் மாறினால் விலை உயர்ந்த பாகங்கள் கருகும், எனவே இரண்டு முறை பாருங்கள். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். 'ரெடி' வந்ததும் கேபிளை மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுங்கள்.

பக்கத்து வீட்டு பெட்ரோல் காருக்கு உங்கள் மின்சாரக் காரிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள். பல கையேடுகள் இதைத் தெளிவாகவே தடுக்கின்றன.

படி 5: குற்றவாளி யார்?

சரி, கார் எழுந்துவிட்டது. உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். மூன்று இடங்களில் ஒன்றில் கோளாறு இருக்கலாம்.

கார் 'ரெடி'யில் இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். மின்சாரக் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு மின்சாரம் இறக்கித் தருவது டிசி-டிசி கன்வெர்ட்டர். பொதுவாக 13.5 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். 12-சொச்சத்திலேயே நின்றால் அந்த கன்வெர்ட்டர் பக்கம் சந்தேகம். இது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. காரை ஓட்டாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். ஹூண்டாய் நிறுவனம் 2024-இல் இந்தியாவில் 1,744 அயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இந்த வகைச் சிக்கலுக்குத்தான்: சார்ஜிங் கட்டுப்பாட்டு யூனிட்டில் கோளாறு வந்தால் 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகலாம். உங்கள் மாடலுக்கு அப்படி அழைப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கன்வெர்ட்டர் சரி என்றால் அடுத்தது மின்கசிவு, அதாவது நின்றிருக்கும் காரில் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, இரவு அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி அளங்கள். நன்றாக இறங்கியிருந்தால், வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். என் அனுபவத்தில் முதல் சந்தேகம், நிறுத்திய பிறகும் படம்பிடிக்கும் டேஷ்கேம் மேல்தான். சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவதும், ஆப்பை அடிக்கடி திறந்து காரை எழுப்புவதும், 'ரெடி' போடாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதும் இதே ரகம்.

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தும் இறங்குகிறதென்றால் பேட்டரியே கிழடுதட்டிவிட்டது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் மூன்று வருடம் தாண்டினாலே கடையில் லோடு டெஸ்ட் (பேட்டரிக்குச் சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து பார்ப்பது நல்லது.

படி 6: மாற்றுவது

காரை அணைத்து, சாவியைத் தூரமாக வைத்து, கணினிகள் தூங்கும் வரை காத்திருங்கள். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பழையது ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சிவைத்திருக்கும் ஈய-அமில பேட்டரி) வகை என்றால் புதியதும் ஏஜிஎம்தான், விலை குறைவு என்று சாதாரண வகைக்கு இறங்காதீர்கள். பழையதில் சிறு ரப்பர் குழாய் சொருகியிருந்தால் அது வாயு வெளியேறும் வழி, புதியதிலும் மறக்காமல் சொருகுங்கள். கடிகாரம், ஜன்னல் ஆட்டோ போன்றவற்றை மறுபடி அமைக்க வேண்டி வரலாம்.

புதிய டெஸ்லா கார்களில் இதெல்லாம் செல்லாது. 2021-க்குப் பிறகு அவை படிப்படியாக லித்தியம்-அயான் சின்ன பேட்டரிக்கு மாறிவிட்டன, அதன் வோல்ட் கணக்கே வேறு. மேலே சொன்ன அளவுகளை வைத்து அதை எடைபோடாதீர்கள், ஈய-அமில சார்ஜரையும் மாட்டாதீர்கள்.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் விலையும் குறையும்.