கோளரங்கச் சுற்றுலா: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்படும் பள்ளிச் சுற்றுலாவின் நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். காலையில் தாவரவியல் பூங்கா, பிறகு அருங்காட்சியகம், சுண்ணாம்பாறு படகுத்துறை, மதியச் சாப்பாடு, லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும், மாலையில் கடற்கரை. இந்த வரிசைதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. விடியற்காலையில் எழுந்து, வெயிலில் அலைந்து, புளிச்சோறு சாப்பிட்ட பிள்ளையைக் குளிர்ந்த இருட்டறையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தால் அது தூங்கத்தான் செய்யும். தட்டி எழுப்பி அதட்டுவது நியாயமில்லை. கோளரங்கத்தை நாளின் முதல் இடமாக வையுங்கள். படகும் பூங்காவும் பிறகு. நேரம் போதாது என்றால் ஓரிடத்தை அடித்துவிடுங்கள். சென்னை கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஒருவழிப் பயணமே ஏறக்குறைய 4 மணி நேரம். அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காமல் இருப்பதே மேல்.

காட்சி நேரம், தமிழில் காட்சி உண்டா, எத்தனை இருக்கைகள் என்பதையெல்லாம் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அறிவியல் மையங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரை மணி நேரம் முன்பாகவே போய்விட வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்து, வரிசை வரிசையாகத் தலை எண்ணி முடித்த பிறகுதான் விளக்கு அணைய வேண்டும். இருட்டில் எண்ண முடியாது.

அந்த இருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். மங்கலான ஒளியை உணரும் கண் செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். காட்சி தொடங்கும்போது, தலைக்கு மேல் திரையாக வளைந்திருக்கும் குவிமாடத்தில் பத்து இருபது புள்ளிகள்தான் தெரியும். போகப் போக, அதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடங்களிலும் மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அந்த நேரம் பார்த்து, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்ப ஓர் ஆசிரியர் கைப்பேசியை உயர்த்துகிறார். திரை வெளிச்சம் பக்கத்து வரிசை முழுவதும் விழுகிறது. பழகியிருந்த கண்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படத்திலோ எதுவும் பதிவாவதில்லை. ஆசிரியர்கள் கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. சிறு பிள்ளைகளின் மின்னும் காலணிகளையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குறிப்பெடுக்கச் சொல்வதும் தவறு. இருட்டில் வியாழனின் நிலவுகளை எண்ணி எழுதக் குனியும் பிள்ளை வானத்தைத் தவறவிடுகிறது. முதல் வரிசைக்கு முண்டியடிக்கவும் விடாதீர்கள். அங்கே கழுத்து வலிக்கும், நடுவிலும் பின்னாலும் உட்கார்ந்தால்தான் குவிமாடம் முழுவதும் கண்ணில் விழும். வானம் சுழலும்போது சிலருக்குத் தலை சுற்றும். அப்போது கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

"படம் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் 1923-இல் முதல் கோளரங்கக் கருவியை இயக்கிக் காட்டியபோதே அதன் சிறப்பு வேறாக இருந்தது: ஓர் இரவின் வானத்தைச் சில நிமிடங்களில் சுழற்றிக் காட்டலாம், எந்த நாளின் வானத்தையும் வரவழைக்கலாம். அதனால் நடத்துபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இன்றிரவு எங்கள் ஊரிலிருந்து தெரியும் வானத்தைக் காட்ட முடியுமா?" கடலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11.75 பாகையில் இருக்கிறது. அதே அளவு உயரத்தில்தான் துருவ விண்மீன் நமக்குத் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை; வடக்குத் தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்துக்குச் சற்று மேலே தேடினால் போதும். இதை வகுப்பிலேயே பழக்கிவிட்டுப் போனால், காட்சியில் துருவ விண்மீன் வந்ததும் நாற்பது கைகள் முட்டி பிடித்து நீளும்.

ராசி, நட்சத்திரம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். திருவாதிரை, ரோகிணி, சித்திரை, கேட்டை எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய விண்மீன்கள். கார்த்திகை ஒரு விண்மீன் கூட்டம். தன் நட்சத்திரத்தைக் குவிமாடத்தில் கண்டுபிடித்த பிள்ளைக்கு, அது எத்தனை ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று அறியும் ஆவல் தானாக வரும். ஜோதிடத்துக்கும் வானியலுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் கோட்டைவிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் வடகிழக்குப் பருவமழை. கோளரங்கத்துக்குள் மழை பெய்யாது என்றாலும், வீடு திரும்பி அண்ணாந்து பார்த்தால் மேகம்தான் இருக்கும். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு புள்ளியாகக் கடப்பதைப் பார்க்கவந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, 1761-இல் போரினால் புதுச்சேரியில் கரையிறங்க முடியாமல், அடுத்த கடப்புக்காக 8 ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கினார். 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தவரை மேகம் ஏமாற்றிவிட்டது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய நம் ஊர்க் கதை இது. பிப்ரவரியில், அமாவாசை முடிந்து நான்கைந்து நாள் கழித்துப் போவது நல்லது. அன்று மாலையே பிறை தெரியும். ஏழு மணிக்குத் திருவாதிரை உச்சிக்கு அருகிலும், அகத்திய விண்மீன் தெற்கிலும் இருக்கும். தெருவிளக்கு மறையும் மொட்டைமாடி போதும்.

பணம் கட்ட முடியாத பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். தலைமையாசிரியரோடு பேசி, யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பயணத்தின் தொடர்ச்சியாக, சூரியன் நேர் உச்சிக்கு வந்து செங்குத்தான கம்புக்கு நிழலே விழாத நிழலில்லா நாளைச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு: கடலூரிலும் புதுச்சேரியிலும் அது ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் வருகிறது. சரியாக 12 மணிக்குக் கம்பை நட்டுப் பார்த்துவிட்டு, நிழல் இருக்கிறதே என்று கலைந்துவிடக் கூடாது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கடலூர் அதற்கு மேற்கே 2.75 பாகை தள்ளி இருப்பதால், பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் சூரியன் இங்கே உச்சிக்கு வரத் தாமதமாகிறது. 12.05-க்கே கம்பை நட்டு, 12.20 வரை நிமிடத்துக்கு ஒருமுறை நிழலைக் குறித்துவரச் சொல்லுங்கள்.