ஃபுல் கவர்னு சொன்னாங்களா? பாலிசி பேப்பரை ஒருதடவ இப்படி படிச்சுப் பாருங்க

பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாட்டு பார்டர ஒட்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, கேரளா வண்டிய தமிழ்நாட்டுல இடிச்சா இன்ஷூரன்ஸ் கிடைக்குமாங்கறது. கிடைக்கும்ங்க. பாலிசி இந்தியா முழுக்க செல்லும், கேஎல் 70 வண்டி பொள்ளாச்சில இடிச்சாலும் டிஎன் 41 வண்டி நம்ம பாலக்காட்டு சித்தூர்ல இடிச்சாலும் ஒண்ணுதான். க்ளெய்ம் அடிபடறது வேற காரணத்துக்கு, வண்டிய எதுக்கு ஓட்டுனீங்க, யாரு ஓட்டுனா, பின்னாடி யாரு உக்காந்திருந்தாங்கறதுக்கு. அதனால பாலிசிய கைல எடுத்ததும் பிரீமியத்த பாக்காம, இது யாருக்கு பணம் குடுக்கும்ங்கறத மொதல்ல பாருங்க.

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தீங்கன்னா அது உங்க வண்டிக்கு ஒரு ரூபா தராது. நீங்க இடிச்ச ஆளுக்கு, இடிச்ச வண்டிக்கு, இடிச்ச காம்பவுண்டு சுவருக்குத்தான். ஆள் செத்தாலோ அடிபட்டாலோ கோர்ட் சொல்ற நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவும் கம்பெனி குடுக்கும், உச்சவரம்பு கிடையாது. ஆனா பொருள் சேதத்துக்கு காருன்னா 7.5 லட்சம், டூவீலர்னா 1 லட்சம் வரைக்கும்தான். இது கூட இல்லாம ஓட்டி மாட்டுனா மொதல் தடவ 2000 ரூபா ஃபைன், அடுத்து 4000, ஜெயிலுக்கும் சட்டத்துல வழி இருக்கு.

நிறைய பேருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு சொல்றேன். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசில உங்க பைக்குக்கு பின்னாடி உக்காந்து வர்ற ஆளு தேர்ட் பார்ட்டி கணக்குல வரமாட்டாரு, சொந்த கார்ல சும்மா கூட வர்ற சொந்தக்காரரும் அப்படித்தான், சுப்ரீம் கோர்ட்டே இத சொல்லிருக்கு. பொண்டாட்டிய பின்னாடி உக்கார வச்சு தினமும் போறவரு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு காசு மிச்சம் பிடிக்கறதுல எனக்கு அர்த்தமே தெரியல. அதே பேப்பர்ல விபத்துல ஓனருக்கே ஏதாச்சும் ஆனா தர்ற 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட்னு ஒண்ணு இருக்கும், அது ஓனரே லைசென்ஸோட ஓட்டும்போது அவருக்கு மட்டும், பையன் எடுத்துட்டுப் போனா பையனுக்கு கிடையாது.

அடுத்தது ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டிக்கு ஆகற சேதம். திருட்டு, தீ, வெள்ளம், மண்சரிவு எல்லாம் இதுலதான் வருது. நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா தென்னைமரத்தடில நிறுத்துன கார் மேல தேங்கா விழுந்தாலும், ராத்திரி வாளையார் ரோட்டுல காட்டுப்பன்னி குறுக்க வந்து மோதுனாலும் இதுலதான் கேக்கணும். தேர்ட் பார்ட்டியும் இதுவும் சேர்ந்தா பேக்கேஜ், ஊர்ல ஃபுல் கவர்னு சொல்றது அதத்தான்.

இங்க ஒரு பொறி இருக்குங்க. 2018 செப்டம்பர்லேர்ந்து புது பைக்குக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் தேர்ட் பார்ட்டி மொத்தமா எடுத்தாகணும். ஷோரூம்ல குடுத்த பேப்பர்ல 5 வருஷம்னு பாத்துட்டு இன்னும் இன்ஷூரன்ஸ் இருக்குன்னு நெனச்சுட்டே ஓட்டுவாங்க, ஆனா அதுல ஓன் டேமேஜ் பெரும்பாலும் 1 வருஷத்துலயே முடிஞ்சிருக்கும். பேப்பர்ல ரெண்டு தேதி தனித்தனியா போட்டிருப்பாங்க, இப்பவே எடுத்துப் பாருங்க. முடிஞ்சிருந்தா ஓன் டேமேஜ் மட்டும் தனியா வாங்கிக்கலாம், 2019லேர்ந்து அதுக்கு வழி இருக்கு.

சரி பேக்கேஜ் இருக்கு, மூணு வருஷ பழைய சின்ன கார், பம்பர் மாத்தணும், விலை 12,000ன்னு வைங்க. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கெல்லாம் தேய்மானம்னு பாதி கழிச்சிடுவாங்க, 6,000 போச்சு. அப்புறம் 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் 1,000 நம்ம கைக்காசு. கடைசில கம்பெனி தர்றது 5,000, நீங்க குடுக்கறது 7,000. இது போதாதுன்னு அடுத்த வருஷம் நோ க்ளெய்ம் போனஸும் போயிடும், க்ளெய்ம் போடாம இருந்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, அது 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, போனஸ் 35 சதவீதம்னா 2,800 நஷ்டம், திரும்ப 20லேர்ந்து ஏறி வரணும். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீங்கன்னு ஒர்க்‌ஷாப்காரரு சொன்னா பெரும்பாலும் சரியாத்தான் சொல்றாரு.

தேய்மானம் கழிக்காம இருக்கத்தான் ஜீரோ டெப், நம்ம பக்கம் பம்பர் டு பம்பர்ங்கறது. புது வண்டிக்கு கண்டிப்பா போடுங்க. ஆனா அதுலயும் அந்த 1,000 உங்களுதுதான், ஆயில், நட்டு, போல்ட்டுக்கெல்லாம் தனி ஆட் ஆன், அதாவது தனியா காசு கட்டி சேத்துக்கறது. வருஷத்துக்கு இத்தன க்ளெய்ம்தான்னு சில கம்பெனில கணக்கும் இருக்கு, கேட்டுக்குங்க.

மழைக்காலத்துல மாட்டறது இன்ஜின்தான். தண்ணி தேங்குன ரோட்டுல வண்டி நின்னுபோச்சா, திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. தண்ணி உள்ள ஏறுன இன்ஜின கிராங்க் பண்ணி அது உடைஞ்சா, வெள்ளத்தால ஆன சேதம் இல்ல, நீங்க பண்ணுன சேதம்னு சொல்லி கைய விரிச்சிருவாங்க. இன்ஜின் புரொடெக்ட் ஆட் ஆன் இருந்தாலும் தள்ளி ஓரங்கட்டி டோ பண்றதுதான் நல்லது. அதே மாதிரி தானா தேய்ஞ்சு போனது, ஒயரிங் ஃபெயிலியர், டயர் மட்டும் வெடிச்சது, இதெல்லாம் எந்த பாலிசிலயும் சாதாரணமா வராது.

இப்ப நம்ம பார்டர் பக்க விஷயத்துக்கு வர்றேன். வெள்ள போர்டு கார வாடகைக்கு பழனிக்கும் குருவாயூருக்கும் ஓட்டறாங்க பாருங்க, அந்த ட்ரிப்ல இடிச்சா ஓன் டேமேஜ் க்ளெய்ம் அவ்வளவுதான், பாலிசில உபயோகம்ங்கற எடத்துல வாடகைக்கு கூடாதுன்னு எழுதியே இருக்கும். டாடா ஏஸ்ல காய்கறி ஏத்திட்டுப் போறப்ப அந்த சரக்குக்கு சொந்தக்காரரோ அவரு ஆளோ கூடப் போனா சட்டத்துல எடமிருக்கு, ஆனா வழில கை காட்டுனாங்கன்னு நாலு பேர ஏத்திட்டுப் போய் கவுந்தா அந்த நாலு பேருக்கும் கம்பெனி பொறுப்பில்ல, வண்டி ஓனர் தலைலதான் விடியும். பெர்மிட் இல்லாம பார்டர் தாண்டுற லாரிக்கும் இதே கதி, தேர்ட் பார்ட்டிக்கு குடுத்துட்டு ஓனர்கிட்ட திரும்ப வசூல் பண்ணுங்கன்னு கம்பெனிக்கு கோர்ட் உத்தரவு போட்ட கேஸ் இருக்கு. லைசென்ஸ்ல ஒரு ஆறுதல், 7500 கிலோவுக்குள்ள உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டிய சாதா கார் லைசென்ஸ் வச்சே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

பொள்ளாச்சி பக்கத்துலேர்ந்து கள்ளு குடிக்கன்னே இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை, கேரளாவுல கள்ளுக்கு லைசென்ஸ் இருக்கு, குடிச்சுட்டு ஓட்டறதுக்கு இல்ல. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா கேஸு, ஓன் டேமேஜும் போச்சு.

செகண்ட்ஹேண்ட் வாங்குனா தேர்ட் பார்ட்டி தானா உங்களுக்கு வந்துரும், ஓன் டேமேஜ் வராது, 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. பழைய ஓனரோட போனஸ் அவரோடயே போயிடும்.

இடிச்சுட்டா அங்கயே போட்டோ எடுங்க, கம்பெனிக்கு சொல்லுங்க, சேதத்த மதிப்பு போட வர்ற சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி வண்டிய பிரிக்க விடாதீங்க. கேரளாவுல நடந்திருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல ஜிடி என்ட்ரி, அதாவது ஸ்டேஷன் டைரில பதிஞ்சதுக்கான நகல் வாங்கிடுங்க, இங்க க்ளெய்முக்கு அதத்தான் கேப்பாங்க. ஆள் அடிபட்டா எஃப்ஐஆர் இல்லாம நகராது. பொள்ளாச்சில அடிபட்ட கொழிஞ்சாம்பாறைக்காரரு நஷ்டஈடு கேஸ அங்கயே போய் போடணும்னு இல்ல, தான் குடியிருக்கற பாலக்காட்டுல இருக்கற விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனல்லயே போடலாம், சட்டத்துல விபத்து நடந்ததுலேர்ந்து 6 மாசம்னு இருக்கு, அதுக்குள்ள வக்கீலப் பாத்துடுங்க.