சாய சோலார் செல்லுக்கு ஜெல் மின்பகுளி: அயோடின் கடைசியில்தான்

1991இல் ஓரீகனும் கிரெட்செலும் வெளியிட்ட சாய சோலார் செல்லில், வெளிச்சம் பட்டதும் சாயம் தன் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துவிடும். இழந்ததை அதற்குத் திருப்பித் தருவது மின்பகுளியில் (அயனிகள் நகரும் கரைசலில்) உள்ள அயோடைடு. அதைக் கரைக்கப் பெரும்பாலும் அசிட்டோநைட்ரைல்தான். கொதிநிலை வெறும் 82 டிகிரி. சீலில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் ஜெல். கடல்பாசிக்குள் தண்ணீர் நிற்பதுபோல, பாலிமர் வலைக்குள் கரைப்பான் நிற்கும்; அயனிகள் அதற்குள் நகரும்.

நான் சொல்லப்போவது பாலிஅக்ரிலோநைட்ரைல் ஜெல். அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலிலும் பெரும்பகுதி இதே பாலிமர்தான். இலங்கையின் பேராதனை, கண்டி ஆய்வகங்களில் இதில் நிறையவே வேலை நடந்திருக்கிறது.

எடுத்துக்கொள்ள: பாலிமர் 0.1 கிராம், எத்திலீன் கார்பனேட் 0.4, புரொப்பிலீன் கார்பனேட் 0.4, டெட்ராபுரொப்பைல் அம்மோனியம் அயோடைடு (அயோடைடு தரும் உப்பு இதுதான்) 0.2 கிராம், அயோடின் 16 மில்லிகிராம். அயோடின், உப்பின் மோல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு.

1. எத்திலீன் கார்பனேட் 36 டிகிரியில் உருகும். சித்திரை மாதத்தில் பாட்டிலைத் திறந்தால் பாதி திரவமாக இருக்கும், பயப்படாதீர்கள். இரண்டு கார்பனேட்டையும் உப்பையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கலக்குங்கள்.

2. பாலிமர் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டும். ஹாட் பிளேட்டில் 80 டிகிரிக்கு மேல் வைத்து, கலவை தெளியும்வரை கலக்குங்கள். பழுப்பேறினால் சூடு அதிகம்.

3. சூட்டை 40 டிகிரிக்கு இறக்கிவிட்டு, அப்புறம்தான் அயோடின். நான் முதல் முறை அவசரப்பட்டுச் சூட்டிலேயே போட்டேன். ஊதா புகையாகக் கிளம்பி, மூடியின் உள்பக்கம் கரும்படிகமாக ஒட்டிக்கொண்டது. எடை போட்ட கணக்கெல்லாம் வீண். ஃபியூம் ஹூடும் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) கையுறையும் கட்டாயம். எஃகுக் கரண்டியை அயோடின் அரிக்கும், பிளாஸ்டிக் போதும்.

4. கரும்பழுப்பு நிறம் சீரானதும் ஆறவிட்டுக் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். வழியாமல் நின்றால் சரி.

5. இளஞ்சூட்டிலேயே சாயமேற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் மெல்லியதாகத் தடவி, மற்றொரு மின்முனையான பிளாட்டினம் பூசிய கண்ணாடியை வைத்துக் கிளிப் போடுங்கள். ஆறிய ஜெல் நுண்துளைகளுக்குள் இறங்காது.

வெயிலில் மல்டிமீட்டர் 0.6 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் மின்னோட்டம் மட்டும் சொற்பமாக இருந்தால், முதலில் சாயத்தைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் ஐந்தாம் படியில்தான் கோளாறு.