அமெரிக்க மிடில் ஸ்கூலில் ஆசிரியர் சந்திப்பு: பத்து நிமிடத்துக்கு ஆயத்தமாவது எப்படி

எலிமென்டரி பள்ளி வரை பிள்ளையைப் பற்றிக் கேட்க ஒரே ஆசிரியர் இருந்தார். நாள் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால், மதிய உணவைப் பாதியில் மூடி வைத்தது முதல் பின்னக் கணக்கில் தடுமாறுவது வரை எல்லாவற்றையும் அவரிடமே தெரிந்துகொள்ள முடிந்தது. ஆறாம் வகுப்பில் மிடில் ஸ்கூலுக்குள் நுழைந்ததும் அந்த ஏற்பாடு கலைந்துவிடுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் வேறு அறை. அக்டோபரிலோ நவம்பரிலோ சந்திப்பு நடக்கும்போது, அந்த ஆசிரியர்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதங்களே ஆகியிருக்கும். உங்களுக்குக் கிடைப்பதோ ஐந்து நிமிடம். மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து.

பள்ளியிலிருந்து முன்பதிவு மின்னஞ்சல் வந்த அன்றே நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மாலை நேரங்கள்தான் முதலில் தீரும். எல்லா ஆசிரியரையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. கணக்கு ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், பிள்ளை வீட்டில் வாயே திறக்காத பாடத்தின் ஆசிரியர் என்று மூவரைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். சில பள்ளிகளில் ஒரு குழுவாக இயங்கும் ஆசிரியர்கள் சேர்ந்தே பெற்றோரைச் சந்திப்பார்கள். வேறு சிலவற்றில் பிள்ளையே தன் வேலைகளை எடுத்துக்காட்டிச் சந்திப்பை நடத்துவான். அந்த முறையில், அவனை வைத்துக்கொண்டு பேச முடியாத செய்தி ஏதேனும் இருந்தால், அதற்குத் தனியாக நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் என்ன என்று கேட்டு அந்தப் பத்து நிமிடத்தைக் கரைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. பவர்ஸ்கூல், கேன்வாஸ் போன்ற தளங்களில் அது முன்பே இருக்கிறது. முந்தைய இரவு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்து, புரியாததை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். குறிப்பாக ‘மிஸ்ஸிங்’ என்று குறிக்கப்பட்ட வேலைகளைத் தேடுங்கள். சம மதிப்புள்ள ஐந்து வீட்டுப்பாடங்களில் தலா 90 வாங்கிய பிள்ளை ஆறாவதைக் கொடுக்க மறந்து, அது சுழியமாகக் கணக்கிடப்பட்டால் சராசரி 75 ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தேவை ட்யூஷன் அல்ல, பையை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம்.

1 முதல் 4 வரை எண் தரும் பள்ளியானால் இன்னொரு குழப்பம் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் 3 என்பது அந்த வகுப்புக்குரிய தரத்தைப் பிள்ளை எட்டிவிட்டான் என்று பொருள்படும். அதை நான்குக்கு மூன்று, நூற்றுக்கு எழுபத்தைந்து என்று மாற்றிக் கவலைப்பட வேண்டாம். பல பள்ளிகள் நடத்தும் மேப் (MAP) என்ற திறனறி தேர்வின் அறிக்கையில் வரும் ‘பெர்சன்டைல்’ என்பதும் மதிப்பெண் அன்று. 72 என்றிருந்தால், நாடு முழுவதும் அதே வகுப்பு நிலையில் படிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 72 பேரைவிடக் குறையாத நிலையில் உங்கள் பிள்ளை இருக்கிறான் என்று கொள்ளுங்கள்.

நேரம் எடுத்துக் கேட்க வேண்டியது கணக்குப் பாதையைப் பற்றி. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கும் பிள்ளை ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ் என்று போய்ப் பன்னிரண்டில் கால்குலஸை அடைவது வழக்கமான வரிசை. எட்டிலேயே அல்ஜீப்ரா 1 படிக்கவைக்கும் விரைவுப் பிரிவின் கதவு பல பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முடியும்போதே திறக்கவோ சாத்தவோ படுகிறது என்பது நிறையப் பெற்றோருக்கு எட்டாம் வகுப்பில்தான் தெரியவருகிறது. ஆகவே, அடுத்த ஆண்டு வகுப்பை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், தேர்வு எந்த மாதம், உங்கள் பரிந்துரைக்கு எவ்வளவு இடம் உண்டு, இப்போதைய நிலையில் இவனுக்கு எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று நேராகவே கேளுங்கள். விரைவுப் பிரிவு வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னால் உடனே மல்லுக்கு நிற்காமல், எந்தப் பகுதியில் பிடி தளர்கிறது என்று அவனுடைய தேர்வுத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறான் என்பது ஆசிரியரிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

ஆசிரியர் பேசும் முறையையும் பழகிக்கொள்ள வேண்டும். என் மகனின் முதல் சந்திப்பு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மடக்கு மேசைகள், அட்டையில் எழுதிய ஆசிரியர் பெயர்கள், நேரம் முடிந்தால் அடிக்கும் மணி. “அவன் ரொம்ப சோஷியல், வகுப்புக்கே ஒரு உற்சாகம்” என்று ஆசிரியர் சிரித்தபடி சொன்னதைக் கேட்டுப் பூரித்துப்போய் வீடு திரும்பினேன். வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்பதே அதன் பொருள் என்று மூன்று வாரம் கழித்து வந்த மின்னஞ்சல் புரியவைத்தது. நம் ஊர் ஆசிரியர் “வாய் நீளம்” என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். இங்கே பாராட்டு முன்னே வரும், குறை பொடிவைத்தாற்போல் பின்னே வரும். “இன்னும் பங்கேற்கலாம்” என்றால் கை தூக்குவதே இல்லை என்றும், “ஒழுங்குபடுத்திக்கொள்வதில் உதவி தேவை” என்றால் வேலைகள் தொலைகின்றன என்றும் ஐயப்படலாம். தீர்த்துக்கொள்ள ஒரே வழி, “அண்மையில் நடந்த ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?” என்று கேட்பதுதான்.

ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நமக்கு இது கூச்சமாகவே இருக்கும். ஆனால் இங்கே ஒன்றும் கேட்காமல் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்குக் கவலை ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் பேசத் தடுமாறுகிறவர்கள், 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின் அடிப்படையில் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சில நாள் முன்னதாகவே, தமிழ் என்று தெளிவாக எழுதி, பள்ளி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். தொலைபேசி வழியாகவும் ஏற்பாடு செய்வார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது மட்டும் வேண்டாம். தன்னைப் பற்றிய குறையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி மொழிபெயர்ப்பான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிப்பில் தொடர்ந்து தடுமாற்றம், கவனம் நிலைக்காமை போன்றவை பேச்சில் வந்தால், பொறுத்துப் பார்ப்போம் என்பதோடு முடித்துவிடாதீர்கள். சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பள்ளி அதை ஏற்று, நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அந்தக் கெடு. வாயால் சொன்னதற்குக் கணக்கு இல்லை என்பதால் மின்னஞ்சலாகவே அனுப்புங்கள்.

சந்திப்பு முடிந்து காரில் ஏறியதும், ஆசிரியர் சொன்ன நல்லதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். குறையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பு இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசலாம். மறுநாள் ஆசிரியருக்கு நான்கு வரியில் நன்றி எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டதை அதிலேயே குறித்துவிடுங்கள்: வெள்ளிக்கிழமைதோறும் வேலைப் பட்டியலைப் பார்ப்பது எங்கள் பொறுப்பு, வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைப்பது உங்கள் ஏற்பாடு என்பதுபோல. இரண்டு வாரம் கழித்துத் தளத்தைத் திறந்து, ‘மிஸ்ஸிங்’ எத்தனை என்று மட்டும் பாருங்கள்.