ஆன்டிபயாடிக் குடுக்கும்போது கவுண்டர்லயே நடந்து முடிஞ்சுடுற தப்புகள்

ஜனங்க ஆன்டிபயாடிக்க பாதியில நிறுத்திடுறாங்க, பொறுப்பே இல்லன்னு நம்ம தொழில்ல இருக்கவங்க புலம்புறது புதுசு இல்ல. ஆனா குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக்கடையில ஓரமா நின்னு பாருங்க, கவர் கைமாறுற அந்த அரை நிமிஷத்துலயே பாதி தப்பு நடந்து முடிஞ்சிருக்கும். சீட்ட பாக்குறோம், ஸ்ட்ரிப்ப கட் பண்றோம், "காலைல ஒண்ணு நைட் ஒண்ணு, சாப்ட்டு போடுங்க", காச வாங்கிட்டு அடுத்த ஆளு. இதுக்கு பேரு கவுன்சலிங் இல்ல. நோயாளிக்கு மருந்த பத்தி எடுத்து சொல்றது பார்மசிஸ்டோட கடமைன்னு 2015ல வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறையிலயே இருக்கு, நாம தான் அத டாக்டர் சொல்லிருப்பாரு, டாக்டர் சொல்லிருப்பாருன்னு தள்ளி விட்டுடுறோம். அவர் ஓபில நூறு பேர் நிக்கும்போது எவ்வளவு சொல்லிருப்பாருன்னு நமக்கும் தெரியும்.

முதல் தப்பு, "புரிஞ்சுதா?"ன்னு கேக்குறது. இதுக்கு எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, ஏன்னா கொலக்கம்பை பஸ் கிளம்பப்போகுது, அத விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கு தெரியும். அதுக்கு பதிலா அவங்க வாயால சொல்ல வைக்கணும். "அக்கா, வீட்டுக்கு போய் இத எப்பெப்ப போடுவீங்க, எனக்கு சொல்லுங்க பாப்போம்"னு கேட்டா தான் விஷயம் வெளிய வரும்.

"காலைல எஸ்டேட்ல பேர் குடுக்க மஸ்டருக்கு போறதுக்கு முன்ன ஒண்ணு போடுவேன் தம்பி."

"மத்தியானம்?"

"மத்தியானம் தேயிலைக்காட்டுல இருப்போம்ல, வந்து சாயங்காலம் போட்டுக்குவேன். அப்புறம் படுக்கறப்ப ஒண்ணு."

பாத்தீங்களா, மூணு மாத்திரையும் போட்டாச்சு, கணக்கு சரி, ஆனா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நாலு மணி நேரம் கூட இல்ல, முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல பத்து மணி நேரம். அமாக்சிசிலின் மாதிரி மருந்து உடம்புல ரொம்ப நேரம் நிக்காது, அதனால தான் எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு எழுதுறாங்க. கொழுந்து பறிக்கிறவங்களுக்கு மத்தியான மாத்திரை சாப்பாட்டு தூக்கோட சேந்து காட்டுக்கு போகணும், அத நாம தான் சொல்லணும், தனியா சின்ன கவர்ல போட்டும் குடுக்கணும். அது முடியவே முடியாதுன்னு சொன்னா டாக்டருக்கு ஒரு போன் போட்டு ரெண்டு வேளை மருந்தா மாத்த முடியுமான்னு கேளுங்க. நாமளா மாத்தக்கூடாது. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடணும், ரெண்ட சேத்து முழுங்கக்கூடாது, இதயும் சேத்து சொல்லிடுங்க.

அடுத்து இந்த மலைக்கே உரிய பழக்கம் ஒண்ணு இருக்கு, மாத்திரைய டீல போடுறது. டிசம்பர் குளிருல பச்சத்தண்ணி யார் குடிப்பா, கையில சூடா பால் டீ இருக்கு, அதுலயே முழுங்கிடுவாங்க. நிறைய மருந்துக்கு இதனால ஒண்ணும் பெருசா ஆகாது, ஆனா சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு ஆகும். பால்ல இருக்க கால்சியம் மருந்த புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல ஏறுறது குறஞ்சிடும். அசிடிட்டிக்கு குடிக்கிற ஜெல், சத்து மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தசோகைக்கு குடுக்குற அயர்ன் மாத்திரை எல்லாமே இதே வேலைய செய்யும். சிப்ரோவ இதுகளுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போடணும், இல்லன்னா ஆறு மணி நேரம் கழிச்சு. "வெந்தண்ணில போடுங்க, டீ அப்புறம் குடிக்கலாம்"னு ஒரே வரி, அவ்வளவுதான். வெறுமனே தண்ணின்னு சொன்னா இந்த ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க.

டாக்சிசைக்ளின் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா புதர், தேயிலைக்காடு, சோலை ஓரம்னு வேலை செய்யிறவங்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் வந்தா இது தான் முதல் மருந்து. கண்ணுக்கே சரியா தெரியாத குட்டி உண்ணிப்பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல் அது, கடிச்ச எடத்துல சில பேருக்கு சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு இருக்கும், அக்குள், இடுப்புன்னு மறைவான எடத்துல. டாக்டருங்க பொதுவா 100 மில்லிகிராம் ரெண்டு வேளை, ஒரு வாரம்னு எழுதுவாங்க. சிக்கல் என்னன்னா மருந்து நல்லா கேக்கும், பெரும்பாலும் ரெண்டு நாள்லயே காய்ச்சல் விட்டுடும், விட்டதும் மூணாவது நாள் அவங்க காட்டுல நிப்பாங்க, மாத்திரை செல்ஃப்ல இருக்கும். "ரெண்டு நாள்ல சுகமாயிடும், அப்பயும் நிறுத்தாதீங்க"ன்னு முன்கூட்டியே சொன்னா தான் எடுபடும், நிறுத்துனதுக்கு அப்புறம் திட்டி என்ன பிரயோஜனம். இத நைட்டு படுக்கப்போற நேரத்துல ஒரு மடக்கு தண்ணியோட முழுங்கிட்டு அப்படியே கம்பளிக்குள்ள போயிட்டா மாத்திரை உணவுக்குழாய்லயே ஒட்டி புண்ணாக்கிடும். முழு டம்ளர் தண்ணி, அரை மணி நேரம் உக்காந்து இருக்கணும். அப்புறம் வெயில். குளு குளுன்னு இருக்கே, இங்க என்ன வெயில்னு கேப்பாங்க. ஆயிரம் மீட்டர் ஏறுனா புற ஊதாக்கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும், குன்னூர் இருக்கறது 1,850 மீட்டர் உயரத்துல, காத்து குளிரா இருக்கறதால தோல் சுடுறதே தெரியாது. டாக்சிசைக்ளின் போடுற நாள்ல முழுக்கை சட்டை, தலைக்கு துண்டுன்னு சொல்லி அனுப்புங்க.

இப்ப குழந்தைங்களோட டிரை சிரப். பவுடர் பாட்டில கையில குடுத்துட்டு "கோட்டு வரைக்கும் தண்ணி ஊத்தி குலுக்கிக்கங்க"ன்னு சொல்லிட்டு விட்டுடுறோம். வீட்டுல பாட்டி இருப்பாங்க, புள்ளைக்கு ஏற்கனவே சளி, அதுல பச்சத்தண்ணியான்னு கொதிக்கிற தண்ணிய ஊத்திடுவாங்க. பாட்டிய குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, குளுர்ல பொறந்து வளந்தவங்களுக்கு அது தான் பாசம். ஆனா சூட்டுல மருந்து கெட்டுடும், முக்கியமா கிளாவுலனேட் சேந்த சிரப். காய்ச்சி நல்லா ஆற வச்ச தண்ணி தான் ஊத்தணும், சில கம்பெனி டப்பாக்குள்ளயே தண்ணி குப்பி வச்சிருக்கும், அத தூக்கி போட்டுடுறவங்களும் உண்டு. முதல்ல பாட்டில தட்டி பவுடர உதுத்து விடணும், பாதி தண்ணி ஊத்தி குலுக்கணும், நுரை அடங்குனதும் கோடு வரைக்கும் திரும்ப ஊத்தணும். இதெல்லாம் கடையிலயே நாம கலந்து குடுத்தா ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, ஏன் செய்ய மாட்டேங்குறோம்னு எனக்கு புரியல. கலந்த தேதிய பேனாவால பாட்டில் மேல எழுதுங்க. அமாக்சிசிலின் கிளாவுலனேட் சிரப்ப ஃப்ரிட்ஜ்ல வச்சு ஏழு நாளைக்குள்ள முடிக்கணும், மீதிய கொட்டிடணும், அடுத்த மாச சளிக்கு எடுத்து வைக்கிற சமாச்சாரம் இல்ல. எஸ்டேட் தொழிலாளிங்க இருக்க லைன் வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லன்னா என்ன பண்றது? ஊட்டி குளிரே ஃப்ரிட்ஜ் தானேன்னு சொல்லுவாங்க, ஆனா பாட்டில் இருக்கறது அடுப்பு மேட ஓரத்துல, அது வீட்டுலயே சூடான எடம். ஃப்ரிட்ஜ் இருக்கான்னு சீட்ட வாங்கும்போதே கேட்டுட்டு, இல்லன்னா வெளிய வைக்கிற மருந்தா எழுத முடியுமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும். டீ ஸ்பூன்ல அளக்க விடாதீங்க, மூடியில கோடு போட்ட அளவு கப் இருக்கு, அஞ்சு மில்லி எதுவரைக்கும்னு விரல் வச்சு காட்டுங்க.

"மூணு நாளைக்கு மட்டும் குடு தம்பி, சம்பளம் வந்ததும் மீதிய வாங்கிக்கறேன்." இதுக்கு நாம பேசாம கத்திரிய எடுக்குறோம், அது தப்பு. அந்த மீதிய யாரும் வாங்க வர மாட்டாங்க. அதே மருந்து ஜெனரிக்ல என்ன விலைன்னு சொல்லுங்க, 2025 பிப்ரவரில இருந்து முதல்வர் மருந்தகம் இருக்கு, ஜன் அவுஷதி இருக்கு, அரசு ஆஸ்பத்திரில காசே இல்லாம கிடைக்கும். நம்ம வியாபாரம் போகும் தான், போகட்டும். ஸ்ட்ரிப்ப கட் பண்ணியே ஆகணும்னா எக்ஸ்பைரி தேதி இருக்க பக்கத்த அவங்களுக்கு விட்டு வெட்டுங்க, இல்ல கவர் மேல எழுதுங்க.

இதுல ஒரு விஷயம் மாறிருக்கு, சொல்லிடணும். எவ்வளவு நாள் கூடுதலோ அவ்வளவு நல்லதுன்னு முன்ன ஒரு நெனப்பு இருந்துச்சு. இப்ப பல தொற்றுக்கு குறைஞ்ச நாளே போதும்னு ஆய்வுகள்ல வந்துட்டு இருக்கு, அதனால டாக்டர் அஞ்சு நாள், அசித்ரோமைசின்னா மூணு நாள்னு எழுதுனா கஞ்சத்தனம்னு நெனச்சு கூட ரெண்டு நாள் சேத்து வாங்க வேண்டாம், அசித்ரோ நிறுத்துனதுக்கு அப்புறமும் சில நாள் உடம்புல நிக்கும். எழுதுன நாள குறைக்கறதும் கூட்டுறதும் டாக்டர் சொன்னா மட்டும் தான். டிபி மருந்து இதுல சேராது, அது மாசக்கணக்கு, ஒரு நாள் கூட விளையாடக்கூடாது.

பக்க விளைவு சொன்னா பயந்து போடாம விட்டுடுவாங்கன்னு சில பேர் மறைக்கிறாங்க. நேர் எதிரா தான் நடக்கும். மெட்ரோனிடசோல் போட்டா வாயெல்லாம் இரும்பு ருசியா இருக்கும், மூத்திரம் நிறம் மாறலாம், தெரியாம இருந்தா தான் பயந்து நிறுத்துவாங்க. அதுக்கு சரக்கு ஆகாது, முடிஞ்சு மூணு நாள் வரைக்கும், இத வீட்டம்மாகிட்ட சொல்லி அனுப்புனா வேலைக்கு ஆகாது, முடிஞ்சா அந்த மனுஷன்கிட்டயே போன்ல சொல்லுங்க. லேசான வயித்துப்போக்கு பரவால்ல, ரத்தம் கலந்து போனா, உடம்பெல்லாம் தடிச்சா, மூஞ்சி வீங்குனா, மூச்சு வாங்குனா நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி, ராத்திரில எஸ்டேட்ல பஸ் இருக்காது, 108. குடுக்கறதுக்கு முன்னயே "இதுக்கு முன்ன எந்த ஊசி மாத்திரைக்காவது ஒத்துக்காம போயிருக்கா"ன்னு ஒரு வார்த்த.

எஸ்டேட்ல இப்ப ஜார்க்கண்ட், அசாம் ஆளுங்க நிறைய. அவங்ககிட்ட தமிழ்ல கத்தி பேசுனா புரியாது. கவர்ல சூரியன், நிலா வரைஞ்சு பக்கத்துல மணியும் எழுதுங்க. ஜூலை மாசம் குன்னூர்ல சூரியன எங்க போய் தேடுறதுன்னு கேக்காதீங்க, அதுக்கு தான் மணி.

சீட்டு இல்லாம வந்து சீசன்ல "தொண்டைக்கு ஒரு அசித்ரோ"ன்னு கேக்குற டூரிஸ்ட்டுக்கு பதில், சிவப்பு கோடு போட்ட ஸ்ட்ரிப் சீட்டு இல்லாம கிடையாது. செஃபிக்சிம் மாதிரி ஷெட்யூல் எச்1ங்கற கூடுதல் கட்டுப்பாட்டு பட்டியல்ல இருக்க மருந்துக்கு 2014 மார்ச்ல இருந்து தனி ரிஜிஸ்டர், யார் எழுதுனது, யாருக்கு, எவ்வளவுன்னு எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். பெரும்பாலான சளி, தொண்டை வலி வைரஸ்ல வர்றது, அதுக்கு இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது.

ரிஜிஸ்டர் எப்படியும் எழுதுறோம், பக்கத்துல அவங்க சம்மதத்தோட போன் நம்பரையும் வாங்கி வைங்க. மூணாவது நாள் கூப்பிட்டு "எத்தன மாத்திரை மிச்சம் இருக்கு, எண்ணி சொல்லுங்க"ன்னு கேளுங்க, ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான் சொல்லுவாங்க. ரெண்டு நிமிஷ வேலை, எஸ்டேட் பக்கம் டவர் கெடச்சா.